பொருட்காட்சியும் பொதுப்பணமும்

ஒரு நாட்டின் தொழில்திறனையும் கலைத்திறனையும் பிற நாட்டார் நேரிற் கண்டு மதிப்பதற்கு உலகப் பொருட்காட்சிகள் நல்ல வாய்ப்பாகும். ஆயினும், அயல்நாட்டுக் காட்சியில் இடம்பெறுவதற்குப் பெரும்பொருள் வேண்டும். பண்டங்களைக் கப்பலேற்றி அனுப்புதல், கூடம் அமைத்தல், பணியாளரை அமர்த்துதல் ஆகிய யாவும் செலவே. அச்செலவு குடிமக்கள் செலுத்தும் வரிப்பணத்திலிருந்தே வரவேண்டும். ஆதலின், ‘இதனால் நாட்டிற்கு விளையும் பயன் யாது?’ என்று அரசாங்கம் ஆராய்வது முறையேயாகும். இவ்வகையில் அமெரிக்க ஐக்கிய நாடுகள் பெற்ற பட்டறிவு அறியத்தக்கது.

1851-ஆம் ஆண்டு இலண்டன் மாநகரின் ஹைடு பூங்காவில் ஒரு மாபெரும் பொருட்காட்சி நடைபெற்றது. ஜோசப் பாக்ஸ்டன் என்பவர் இரும்பாலும் கண்ணாடியாலும் வகுத்த மாளிகையில் பல நாட்டுப் பண்டங்களும் வைக்கப்பட்டன. மக்கள் அதனைப் ‘பளிங்கு மாளிகை’ என்று போற்றினர். அக்காட்சிக்கு அமெரிக்காவும் அழைக்கப்பட்டது. ஆனால், அந்நாட்டுக் காங்கிரஸ் சபை அதற்கெனப் பணம் ஒதுக்கவில்லை. பண்டங்களை ஏற்றிச் செல்வதற்குக் கடற்படைக் கப்பலொன்று மட்டும் தரப்பட்டது.

பண்டங்கள் இங்கிலாந்தை அடைந்தன. மாளிகையில் அமெரிக்காவிற்கெனப் பரந்த இடம் இருந்தது. ஆயினும், அவற்றை ஒழுங்குற வைப்பதற்குக் கையில் பொருள் இல்லை. வெறுமையாகத் தோன்றிய அப்பகுதியைக் கண்டு ஆங்கிலப் பத்திரிகைகள் எள்ளி நகையாடின. அந்நிலையில், இலண்டனில் வாழ்ந்துவந்த ஜார்ஜ் பீபாடி என்னும் அமெரிக்க வணிகப் பெருமகனார் 15,000 டாலர் கடனாக உதவினார். அரசாங்கம் ஈயாததைத் தனி மனிதர் ஒருவர் ஈந்தார்.

அதன் பயன் சில திங்களுள் வெளிப்பட்டது. சைரஸ் மக்கார்மிக் என்பவர் அமைத்த அறுவடைப் பொறியும் அங்கே வைக்கப்பட்டிருந்தது. அதன் விந்தைத் தோற்றத்தைக் கண்டோர் முதலில் நகைத்தனர். ஜூலை மாதத்தில் எஸ்ஸெக்ஸ் பகுதியின் வயலொன்றில் அப்பொறி சோதிக்கப்பட்டது. மழையால் நனைந்து, முற்றாமல் நின்ற கோதுமைப் பயிரை அது செவ்வனே அறுத்துத் தள்ளியது. நகைத்தோரே வியந்து பாராட்டினர். அக்காட்சியின் உயர்ந்த பதக்கம் அதற்கு வழங்கப்பட்டது. சார்லஸ் குட்இயர் செய்த ரப்பர்ப் பொருள்களும் அவ்வாறே சிறப்புப் பெற்றன.

ஏறத்தாழ 150 ஆண்டுகள் கழிந்த பின்னும் அவ்வினாவே மீண்டும் எழுந்தது. தனி ஒப்புதலின்றி உலகக் காட்சிக் கூடங்களுக்கு அரசாங்கப் பணத்தைச் செலவிடலாகாது என்று 1999-ஆம் ஆண்டில் அமெரிக்காவில் சட்டம் செய்யப்பட்டது. 2000-ஆம் ஆண்டில் ஜெர்மனியின் ஹானோவர் நகரில் நிகழ்ந்த காட்சியில் அந்நாடு கலந்துகொள்ளவில்லை. உலகக் காட்சிகளை நெறிப்படுத்தும் பன்னாட்டுக் கழகத்திலிருந்தும் 2001-ஆம் ஆண்டில் விலகியது. 2010-ஆம் ஆண்டில் சீனத்து ஷாங்காய் நகரில் நிகழ்ந்த காட்சியை ஏறத்தாழ 7.3 கோடி மக்கள் கண்டனர். அங்கே அமெரிக்கக் கூடம் அமைக்கத் தேவைப்பட்ட சுமார் 6.1 கோடி டாலரைத் தனியார் நிறுவனங்களிடம் நாடிப் பெற வேண்டியதாயிற்று. பின்னர், 2017-ஆம் ஆண்டில் அந்நாடு மீண்டும் அக்கழகத்திற் சேர்ந்தது.

பொதுப்பணத்தைக் காப்பது அரசின் கடமை. பள்ளிக்கும் மருத்துவமனைக்கும் வேண்டிய பொருளைக் கூடத்தின் அழகிற்குச் செலவிடல் நன்றன்று. எனினும், பிறர் பொருளால் எழும் கூடத்தில் நாட்டின் சிறப்பு ஒளிருமா, பொருள் தந்தவரின் விளம்பரம் ஓங்குமா என்பதையும் எண்ணிப் பார்த்தல் வேண்டும். செலவை முன்னரே கணக்கிட்டுவிடலாம். பயனையோ காட்சி முடிந்த பின்னரே அறிய இயலும். மக்கார்மிக்கின் பொறி பெட்டிக்குள்ளேயே கிடந்திருப்பின், நகைத்தவர் நகைத்தவராகவே இருந்திருப்பர். ஆகவே, இவ்வளவு செலவாகுமே என்று கணக்கிடும் அரசு, செல்லாதொழிந்தால் நேரும் இழப்பையும் உடன்வைத்துக் கணக்கிடுதல் வேண்டும்.