கிரவுண்டு என்ன போகுது?

மேற்கு மாம்பலத்தில் பழைய வீடு ஒன்று விலைக்கு வருகிறது என்று பேச்சு எழுந்தால் போதும், முதல் கேள்வி இதுதான்: "கிரவுண்டு என்ன போகுது?" எத்தனை அறை, மாடி உண்டா, மழைக்கு ஒழுகுமா என்று யாரும் கேட்பதில்லை. 2,400 சதுர அடி மண்ணுக்கு அந்தத் தெருவில் இன்று என்ன விலை என்பதோடு விசாரணை முடிந்துவிடுகிறது. ஐம்பது வருடங்களுக்கு முன் இதே தெருவில் வீடு கைமாறியபோது பேச்சு வேறாக இருந்தது. அந்த மாற்றம் பிடிபடாமல் விலை சொல்லப் போகிற குடும்பங்கள் பணத்தையும் இழக்கின்றன, கூடப்பிறந்தவர்களையும் இழக்கின்றன. இரண்டையும் அடுத்தடுத்த வீடுகளில் பார்த்துவிட்டேன்.

எழுபதுகளில் விலை மதிப்பிட வந்தவர் பெரும்பாலும் பொதுப்பணித் துறையில் ஓய்வுபெற்ற இன்ஜினீயராகவோ, குடும்பத்துக்குப் பழக்கமான மேஸ்திரியாகவோ இருப்பார். அவர் அளந்தது கட்டடத்தை. நூறு சதுர அடி ஒரு சதுரம். எத்தனை சதுரம், சதுரத்துக்கு என்ன விலை என்று கணக்குப் போடுவார். மெட்ராஸ் டெரஸ் கூரை என்றால் அண்ணாந்து நின்று நெடுநேரம் பார்ப்பார். தேக்கு உத்தரங்கள் வரிசையாக ஓடும். அவற்றின் மேல் சின்னச் சின்ன ஆச்சிக்கற்களைச் செங்குத்தாக நிறுத்தி, சுண்ணாம்புக் காரையில் கடித்துப் பிடிக்க வைத்திருப்பார்கள். அதற்கும் மேலே செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து, பெண்கள் வரிசையாக உட்கார்ந்து மரக்கட்டையால் நாள்கணக்கில் தட்டி இறுக்கிய தளம். உத்தரம் பர்மா தேக்கா, நாட்டுத் தேக்கா என்று விரலால் தட்டிச் சொல்லிவிடுவார். பிறகு கொல்லைப்புறம் போய்க் கிணற்றில் ஒரு வாளி இறைத்து ஒரு வாய் குடித்துப் பார்ப்பார். நல்ல தண்ணீர் என்றால் விலை ஒரு படி ஏறும்.

மண்ணுக்கு அன்று பெரிய மதிப்பு இல்லாததற்குக் காரணம் உண்டு. ரயில் பாதைக்குக் கிழக்கே 1920களில் நீதிக்கட்சி ஆட்சியின்போது பழைய நீளேரியைத் தூர்த்துத் தியாகராய நகரைத் திட்டமிட்டு உருவாக்கினார்கள். அகலமான சாலை, பூங்கா எல்லாம் அந்தப் பக்கம் போயின. மேற்குப் பக்கம் தன் போக்கில் வளர்ந்தது. குறுகிய தெரு, தாழ்ந்த நிலம், கொசு, யானைக்கால் நோய்ப் பயம். ஏரி போன பிறகும் லேக் வியூ ரோடு என்ற பெயர் மட்டும் இங்கே தங்கிவிட்டது.

வாங்க வந்தவரும் குடியிருக்க வந்தவர். பி.எஃப். பணம், மனைவியின் நகை, அலுவலகத்தில் கிடைத்த வீட்டு முன்பணம், கூட்டுறவுச் சங்கக் கடன் என்று நாலு பக்கமும் திரட்டிக்கொண்டு வருவார். வீட்டுக் கடனுக்கென்றே எச்.டி.எஃப்.சி. தொடங்கியது 1977இல்தான். ஒரு குமாஸ்தா குடும்பம் வாழ்நாளில் எவ்வளவு சேர்க்க முடியுமோ அதைத் தாண்டி விலை ஏற வழியில்லை. வீட்டில் போர்ஷன் விட்டிருந்தால் இன்னும் இறங்கும். 1960ஆம் ஆண்டு வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டத்தின் கீழ் குடியிருந்தவரைக் காலி செய்ய வைப்பது பல வருட வழக்கு. அந்தச் சட்டத்தின் இடத்தில் 2019 பிப்ரவரியில் புதியது நடைமுறைக்கு வந்தது. ஆனாலும் நீதிமன்றத்தில் பழைய வழக்கு நிற்கும் வீட்டுக்கு இன்றும் விலை குறைவுதான்.

அன்றைய விலையில் எனக்கு ஒப்பவே ஒப்பாத ஒரு விஷயம் உண்டு. வீட்டின் மதிப்பைத் தீர்மானித்தவர்கள் ஆண்பிள்ளைகள். 1956 வாரிசுரிமைச் சட்டப்படி, உயில் எழுதாமல் இறந்த தகப்பனாரின் சொந்தச் சம்பாத்தியத்தில் மகளுக்கும் சம பங்கு உண்டு. ஆனால் குடும்பம் குடியிருக்கும் வீட்டைப் பிரிக்கும்படி கேட்கும் உரிமை அதே சட்டத்தின் 23ஆம் பிரிவில் அவளுக்கு இல்லை. அண்ணன் தம்பிகள் பிரித்துக்கொள்ள முன்வந்தால்தான் அவள் பங்கு பேச்சுக்கு வரும். ஆகவே விலையைக் குறைத்துச் சொல்லி, அதிலும் ஒரு சிறு தொகையைக் கையில் கொடுத்து, விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்து வாங்கிக்கொண்டார்கள். "உனக்குத்தான் கல்யாணத்துக்கே எல்லாம் செஞ்சாச்சேம்மா" என்ற ஒரு வாக்கியத்தில் எத்தனை சகோதரிகளின் பங்கு கரைந்துபோனது! 2005 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்த திருத்தம் அந்த 23ஆம் பிரிவை எடுத்தெறிந்தது. பூர்வீகச் சொத்திலும் பிறப்பாலேயே மகளுக்குச் சம உரிமை என்பதை 2020இல் உச்ச நீதிமன்றம் ஐயமின்றிச் சொல்லிவிட்டது. இன்று விலை பேசும் மேஜையில் அக்காவும் தங்கையும் உட்கார்ந்திருக்கிறார்கள். பழைய வீட்டு விற்பனையில் நடந்த மாற்றங்களிலேயே ஆகச் சிறந்தது இதுதான் என்பேன்.

இன்று அந்த மேஜைக்கு வரும் விலை எங்கிருந்து பிறக்கிறது? வாங்குபவர் பெரும்பாலும் பில்டர். அவர் வீட்டுக்குள்கூட வரமாட்டார். தெருவில் நின்று டேப்பைப் பிடித்துச் சாலையின் அகலத்தை அளப்பார், மனையின் முகப்பை அளப்பார், வடக்குப் பார்த்ததா, தெருக்குத்து உண்டா என்று பார்ப்பார், போய்விடுவார். அவர் மனதில் ஓடும் கணக்கு விற்பவருக்கும் தெரிந்திருக்க வேண்டும்.

உதாரணத்துக்கு எண்களை வைத்துக்கொள்வோம். ஒரு கிரவுண்டு மனை. 2019இல் வந்த ஒருங்கிணைந்த கட்டட விதிகள், சாதாரண உயரக் கட்டடத்துக்கான எஃப்.எஸ்.ஐ. அளவை 1.5இலிருந்து 2 ஆக உயர்த்தின. அதாவது 2,400 அடி மனையில் 4,800 அடி கட்டலாம். புது ஃபிளாட் சதுர அடி 15,000 ரூபாய்க்கு விற்கும் என்றால் மொத்த வரவு 7 கோடியே 20 லட்சம். கட்டுமானம் அடிக்கு 3,500 வீதம் 1 கோடியே 68 லட்சம். அனுமதிக் கட்டணம், வட்டி, விளம்பரம் என்று 60 லட்சம். பில்டரின் லாபம் இருபது சதவீதம், 1 கோடியே 44 லட்சம். எல்லாம் போக மீதி 3 கோடியே 48 லட்சம். இதிலிருந்துதான் அவர் பத்திரச் செலவையும் பார்க்க வேண்டும். முத்திரைத் தீர்வையும் பதிவுக் கட்டணமும் சேர்ந்து இப்போது ஒன்பது சதவீதம். ஆக, உங்கள் கைக்கு அவரால் தர முடிந்தது சுமார் 3 கோடியே 19 லட்சம். அதற்கு மேல் அவர் தந்தால் தன் லாபத்திலிருந்து தருகிறார் என்று பொருள்.

பழைய 1.5 விதியில் இதே கணக்கைப் போட்டுப் பாருங்கள். கட்ட முடிந்தது 3,600 அடி. மற்றச் செலவுகளும் அதே விகிதத்தில் குறையும். மனை விலை 2 கோடியே 40 லட்சம் அளவில் நின்றுவிடும். வீட்டில் ஒரு செங்கல்கூட மாறாமல், ஒரு விதி மாறியதில் 80 லட்சம் ஏறிவிட்டது. இதை மறுபக்கமும் பார்க்க வேண்டும். தெரு குறுகலாக இருந்தோ, பக்கவாட்டில் விடவேண்டிய இடமும் கார் நிறுத்தும் இடமும் மனையைத் தின்றுவிட்டோ, 4,800 அடியை முழுமையாக எழுப்ப முடியாமல் போனால் அந்த 80 லட்சமும் உங்களுக்கு இல்லை. அகலமான சாலை என்றால் அரசுக்குக் கட்டணம் செலுத்திக் கூடுதல் தளப்பரப்பும் வாங்கலாம். சந்துக்குள் இருக்கும் வீட்டுக்கு அந்த வழி கிடையாது. பக்கத்துத் தெருவில் கிரவுண்டு நாலு கோடிக்குப் போனது என்ற செய்தியை வைத்து நம் வீட்டுக்கு விலை சொல்லக் கூடாது என்பது இதனால்தான். அந்தத் தெரு எத்தனை அடி அகலம் என்று கேட்டுவிட்டுப் பேசுங்கள்.

அரை கிரவுண்டு வீட்டுக்காரர்களுக்கு ஒரு வார்த்தை. 1,200 அடி மனையில் பில்டருக்கு ஆர்வம் குறைவு. ஆனால் ஒட்டியுள்ள வீட்டுக்காரரும் விற்கத் தயார் என்றால் இரண்டு மனையும் சேர்ந்து ஒரு கிரவுண்டு. இருவருக்குமே விலை ஏறும். சுற்றுச்சுவருக்காக முப்பது வருடம் பேசாமல் இருந்த இரண்டு வீட்டார் இந்தத் தெருவில் ஒன்றாக உட்கார்ந்து விலை பேசினார்கள். பேசியது நல்லதுதான்.

கட்டடத்துக்கு விலையே கிடையாதா என்று மனம் கேட்கும். இடிப்புக் கான்ட்ராக்டர் கதவு, ஜன்னல், உத்தரம், இரும்புக்கு என்று ஒரு தொகை தருவார். மூன்று கோடி வியாபாரத்தில் அது கண்ணில் படாத தொகை. அதையும் பில்டரே எடுத்துக்கொள்வதுதான் வழக்கம். அப்பா கட்டிய வீடு, அதற்கு விலை வேண்டாமா என்று விற்பவர் தவிக்கும்போது எனக்குத் தொண்டை அடைக்கிறது. அந்தத் தவிப்பைக் கோடியில் மாற்றிக் கேட்கும் விலையோடு சேர்த்தால் வீடு விற்காது. குடியிருக்கவே வாங்குகிற குடும்பம் அமைந்தால் மட்டும் கட்டடம் கணக்கில் வரும். அதுவும் தொண்ணூறுகளில் கட்டிய கான்கிரீட் வீட்டுக்கு. சுண்ணாம்புக் கூரை வீட்டுக்கு வங்கியின் மதிப்பீட்டாளர் வயதைக் கழித்துவிட்டு மண் விலையைத்தான் எழுதுவார்.

சந்தை சூடாக இருக்கும்போது அதிகம் கேட்டுவிட்டுக் காத்திருக்கலாம் என்று பலர் நினைக்கிறார்கள். நான் பார்த்த ஒரு குடும்பம் அப்படிக் காத்திருந்தது. முதல் மாதம் கேட் முன்னால் புரோக்கர் கூட்டம். பிறகு "அந்த வீடா, அவங்க விலையில் நிக்கவே மாட்டாங்க" என்ற பேச்சு பரவியது. ஐப்பசி மழை வந்தது. தெருவில் தண்ணீர் நின்றது. பார்க்க வந்தவர்கள் 2015 டிசம்பரில் எத்தனை அடி ஏறியது என்று சுவரில் கறையைத் தேடினார்கள். கடைசியில், ஆரம்பத்தில் வந்த விலைக்கும் கீழே கொடுத்தார்கள். பில்டர் கணக்குக்கு அருகில், கொஞ்சம் மேலே ஒரு விலையைச் சொல்லி, இரண்டு மூன்று வாரத்துக்குள் நாலைந்து பேரிடமிருந்து எழுத்தில் விலை வாங்குவதுதான் சரியான வழி. கேட்கும் ஆள் பலர் என்றால் அவர்களுக்குள்ளேயே விலை ஏறும்.

அன்று பக்கத்து வீடு போன விலை காதுவழிச் செய்தி. இன்று பதிவுத் துறையின் இணையதளத்தில் சர்வே எண்ணைக் கொடுத்து வில்லங்கம் பார்த்தால், அந்தப் பத்திரத்தில் எழுதிய தொகையே தெரியும். தெருவாரியான வழிகாட்டி மதிப்பும் அங்கே இருக்கிறது. அது 2017இல் 33 சதவீதம் குறைந்தது, 2023இல் பழைய நிலைக்கு ஏறியது, 2024 ஜூலையில் மறுபடி திருத்தப்பட்டது. அது அரசு வரி வசூலிக்கும் அடித்தளமே தவிர, சந்தை விலை வேறு. அந்த இடைவெளியில்தான் "வெள்ளை எவ்வளவு, கறுப்பு எவ்வளவு" என்ற பழைய நோய் வாழ்கிறது. வேண்டாம் என்று உறுதியாகச் சொல்லுங்கள். 2015 ஜூன் முதல் சொத்து விற்பனைக்கு 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்குவது சட்டவிரோதம். வாங்கிய தொகை அளவுக்கே அபராதம் விழலாம். அந்த அபராதம், ரொக்கத்தை வாங்கியவர் தலையில்.

அக்ரிமென்ட் காலமும் விலையின் ஒரு பகுதிதான். விலை அசையாத காலத்தில் ஆறு மாதம், ஒரு வருடம் என்று எழுதினார்கள், யாருக்கும் நஷ்டமில்லை. ஏறுகிற சந்தையில் ஒரு சிறு முன்பணத்துக்கு ஆறு மாதம் எழுதிக்கொடுத்தால், வாங்கியவர் அந்தக் காகிதத்தையே கூடுதல் விலைக்குக் கைமாற்றிவிடுவார். உங்கள் விலை அன்றைய தேதியிலேயே உறைந்து கிடக்கும். இரண்டு, மூன்று மாதத்துக்கு மேல் வேண்டாம். தாய்ப்பத்திரம், பட்டா, வாரிசுச் சான்று எல்லாவற்றையும் விலை சொல்வதற்கு முன்பே எடுத்து வைத்தால் அந்தக் காலம் போதும்.

வரியில் ஒரு நுட்பம் இருக்கிறது. குடும்பங்கள் இதைக் கடைசியில்தான் கண்டுபிடிக்கின்றன. 2001 ஏப்ரல் 1க்கு முன் வாங்கிய வீட்டுக்கு அந்தத் தேதியின் மதிப்பையே அடக்க விலையாகக் காட்டலாம். ஆனால் அன்றைய வழிகாட்டி மதிப்பைத் தாண்டக் கூடாது. அதன் மேல் வரும் லாபத்துக்கு, 2024 ஜூலை 23க்கு முன் வாங்கிய சொத்து என்றால், இந்தியாவில் குடியிருப்பவர் 12.5 சதவீத வரியையோ, பணவீக்கத்தைச் சரிக்கட்டிய பிறகு 20 சதவீதத்தையோ, எது குறைவோ அதைக் கட்டலாம். அமெரிக்காவில் இருக்கும் தம்பிக்கு இந்த இரண்டாவது வழி இல்லை. அவர் பங்குக்கு வாங்குபவர் பிடிக்க வேண்டிய வரியும் நம்மவருக்குப் பிடிக்கும் ஒரு சதவீதத்தைவிடப் பல மடங்கு. முன்கூட்டியே வருமான வரி அலுவலகத்தில் குறைந்த பிடித்தத்துக்குச் சான்று வாங்காவிட்டால் பெரிய தொகை முடங்கிக் கிடக்கும். பங்கு சமமாக இருந்தும் கைக்கு வருவது சமமாக இராது. விலை பேசி முடித்த பிறகு இது தெரிந்தால், அக்காதான் ஏமாற்றிவிட்டாள் என்று தம்பி நினைக்கிறார்.

ஆகவே புரோக்கருக்கு போன் போடும் முன் ஒரு வேலை செய்யுங்கள். ஒவ்வொருவர் கைக்கும் வரி போக எவ்வளவு வரும் என்று எழுதிப் பாருங்கள். அம்மாவைக் கடைசிவரை வைத்துப் பார்த்துக்கொண்டவருக்குக் கூடுதலாக ஏதாவது கொடுப்பதானால் அதையும் அந்தக் காகிதத்திலேயே எழுதுங்கள். இதற்குக் கீழே விற்பதில்லை என்ற தொகையை எல்லோரும் சேர்ந்து முடிவு செய்து கையெழுத்துப் போட்டு, ஆளுக்கு ஒரு பிரதி வைத்துக்கொள்ளுங்கள்.