கேளிக்கைப் பூங்காவிற் குழந்தைகள்

குழந்தைகளை மகிழ்விக்கக் கருதி நாம் செய்யும் முயற்சிகளுட் சில, அவர்கள் அழுகையிலும் நம் சினத்திலும் சென்று முடிதல் வியப்பன்றோ? கேளிக்கைப் பூங்காவிற்குச் செல்லும் நாள் அத்தகையது. பெற்றோர் பல திங்கள் பொருள் சேர்த்து, விடுமுறை பெற்று, விடியற்காலையிற் பிள்ளைகளுடன் புறப்படுகின்றனர். பிற்பகல் நான்கு மணியளவில் இளைய குழந்தை நடைபாதையில் விழுந்து புரண்டு கதறுகின்றது. கண்டோர் திரும்பி நோக்குகின்றனர். நாணமும் சினமும் ஒருங்கே மேலிடத் தந்தை கையை ஓங்குகின்றார். இந்நிலை எதனால் நேர்கின்றது என்பதனையும், அதனைத் தடுக்கும் வழியையும், நேர்ந்தபொழுது செய்யத்தக்கதனையும் ஈண்டுச் சிறிது ஆராய்வோம்.

இத்தகைய பூங்காக்கள் பலவற்றிற்கு முன்மாதிரியாய் நிற்பது, அமெரிக்காவிலே கலிபோர்னியா மாநிலத்து அனஹைம் நகரிலுள்ள டிஸ்னிலாந்து. சித்திரப் படங்களாற் புகழ்பெற்ற வால்ட் டிஸ்னி அதனை 1955-ஆம் ஆண்டு ஜூலை 17-ஆம் நாள் திறந்துவைத்தார். தம் புதல்வியர் ராட்டினத்திற் சுற்றிவரத் தாம் பலகையில் வாளா அமர்ந்திருந்த காலத்தே, பெற்றோரும் பிள்ளைகளும் ஒருங்கு மகிழ்தற்கு ஓரிடம் வேண்டும் என்னும் எண்ணம் தமக்கு உதித்ததாக அவர் கூறியதுண்டு. நோக்கம் நன்று. எனினும் அவ்விடத்தைக் குழந்தையின் கண்கொண்டு பார்ப்போம். கோட்டையும், மலையும், விரைந்தோடும் வண்டியும், இசையும், தின்பண்டமும் எத்திசையினின்றும் அழைக்கின்றன. ஆனால், சில நிமிட விளையாட்டிற்குக் கூட்டம் மிக்க நாட்களில் ஒரு மணி நேரமும் வரிசையில் நிற்க நேரும். 'வா' என்று அழைக்கும் இடமே 'பொறு' என்று தடுக்கவுஞ் செய்கின்றது. வளர்ந்தோர்க்கே அரிதாகிய பொறுமையை நான்கு வயதுக் குழந்தையிடத்துப் பகல் முழுதும் நாம் எதிர்பார்க்கின்றோம்.

குழந்தையின் முரண்டிற்கு முதற் காரணம் உடற்சோர்வு. மின்னசோட்டாப் பல்கலைக்கழகத்து உளநூல் அறிஞராகிய ஃபிளாரன்ஸ் குடெனஃப் அம்மையார், தாய்மார் தம் இல்லங்களில் நாடோறும் எழுதிவந்த குறிப்புகளைக் கொண்டு சிறு குழந்தைகளின் சினத்தை ஆராய்ந்து, 1931-ஆம் ஆண்டில் ஒரு நூல் வெளியிட்டார். உணவு வேளைக்கும் உறங்கும் வேளைக்கும் சற்று முன்னரே சினம் மிக்கெழுகின்றது என்பது அவ்வாராய்ச்சியாற் புலனாயிற்று. வீட்டிலேயே இவ்வாறாயின், வெயிலிலும் இரைச்சலிலும் கூறவேண்டுவதென்ன? ஆதலின், பசி தோன்றுமுன் உணவும், கேளாமலே தண்ணீரும், நண்பகலில் நிழலான ஓரிடத்தில் ஓய்வும் அளித்தல் வேண்டும். நடக்க வல்ல குழந்தைக்கும் தள்ளுவண்டி மிகையாகாது. சீட்டிற்குக் கொடுத்த பணம் வீணாகாதிருக்க இரவு வரை சுற்றுதல் வேண்டும் என்று எண்ணுவது நம் இயல்பு. குழந்தையின் களைப்போ சீட்டின் விலையை அறியாது.

இரண்டாவது காரணம் எதிர்பாராத ஏமாற்றம். டிஸ்னிலாந்திலே மாட்டர்ஹார்ன் என்னும் செயற்கை மலையில் ஓடும் வண்டியில் ஏறுவதற்கு 42 அங்குல உயரமும், ஸ்பேஸ் மவுண்டன் வண்டிக்கு 40 அங்குல உயரமும் வேண்டும். இவ்விதி குழந்தையின் உயிர்க்காப்பின் பொருட்டு ஏற்பட்டது, மன்றாடினும் தளராது. இதனை அறியாது நெடுநேரம் நின்ற பிள்ளை, வாயிலில் அளக்கப்பெற்றுத் திருப்பியனுப்பப்படுமாயின் அழாமல் என் செய்யும்? முதல் நாளே வீட்டுச் சுவரில் நிறுத்தி அளந்து, 'இவ்வண்டி உனக்கு உண்டு. அஃது அடுத்த முறை' என்று சொல்லிவிடின் இத்துயரில்லை. தமையனும் தமக்கையும் ஏறும்பொழுது தம்பிக்கு வேறொரு விளையாட்டைக் குறித்துவைத்தலும் நலம்.

மூன்றாவது காரணமே நாம் சிறப்பாகக் கருதத்தக்கது. அது பெரியோரது சொல்லின் உறுதியின்மை. அமெரிக்காவின் ராச்செஸ்டர் பல்கலைக்கழகத்தில் செலஸ்ட் கிட் என்பாரும் அவர்தம் துணைவரும் 28 குழந்தைகளைக் கொண்டு செய்த ஒரு சோதனை 2013-ஆம் ஆண்டில் வெளியாயிற்று. குழந்தைகட்குப் பழைய வண்ணக்கோல்களைக் கொடுத்து, சற்றுப் பொறுத்தால் சிறந்தவற்றைக் கொணர்வதாகக் கூறிச் சென்றனர். ஒரு சாரார்க்குச் சொன்னபடி கொணர்ந்தனர். மற்றொரு சாரார்க்கு வெறுங்கையுடன் வந்து, இல்லையென்றனர். பின்னர் ஒவ்வொரு குழந்தையின் முன்னும் மார்ஷ்மெல்லோ என்னும் மிட்டாய் ஒன்றை வைத்து, தாம் மீண்டு வருமளவும் தின்னாதிருப்பின் இரண்டு தருவதாகக் கூறினர். வாக்குக் காக்கப்பெற்ற குழந்தைகள் சராசரி 12 நிமிடம் பொறுத்திருந்தன. ஏமாற்றப்பெற்றவை ஏறத்தாழ 3 நிமிடமே பொறுத்தன. பொறுமை குழந்தையின் இயற்கைக் குணம் மாத்திரமன்று. நம் சொல்லின்மேல் அது வைக்கும் நம்பிக்கையின் பயனுமாம் என்பதை இச்சோதனை காட்டுகின்றது.

இவ்வுண்மையைப் பூங்காவிற் பொருத்திப் பார்ப்போம். டிஸ்னிலாந்தில் நுழைவோரும் வெளியேறுவோரும் பெரும்பாலும் இருமருங்கும் கடைகள் நிறைந்த ஒரே வீதியைக் கடக்கின்றனர். காலையில் ஒரு பிள்ளை பொம்மை கேட்க, அப்போதைய தொல்லை நீங்கினாற் போதுமென்று 'மாலையில் வாங்கலாம்' என்கின்றோம். மாலையில் அப்பிள்ளை நினைவூட்டினால், 'பிடிவாதக்காரன்' என்று ஏசுகின்றோம். சொல் தவறியவர் யார்? இன்ன தொகைக்குள் ஒரு பொருள் வாங்கப்படும் என்று வீட்டிலேயே வரையறுத்து, அதனைத் தவறாது நிறைவேற்றுதலே முறை. அச்சுறுத்தலும் இத்தன்மையதே. 'இப்பொழுதே வீட்டிற்குத் திரும்பிவிடுவோம்' என்று பத்து முறை கூறி ஒருமுறையும் திரும்பாத தந்தையின் பதினோராவது சொல்லைப் பிள்ளை எங்ஙனம் மதிக்கும்?

இனி, இத்தனையும் செய்த பின்னும் குழந்தை முரண்டு செய்யின் யாது செய்வது? கூட்டத்தினின்று அதனை விலக்கி, அமைதியான ஓரிடத்திற்குக் கொண்டு செல்க. அதன் முகத்திற்கு நேரே தாழ்ந்து அமர்ந்து, குறைந்த சொற்களை மெல்லப் பேசுக. அழுகை உச்சத்தில் இருக்கும்பொழுது அறிவுரை செவியில் ஏறாது. மறுத்த பொருளை அழுகைக்காக வாங்கித் தருதலும் கூடாது. தரின், அடுத்த முறையும் அழுதலே வழியென்று அது கற்கும். பிறரை அடித்தலும் வரிசையை விட்டு ஓடுதலும் போல்வனவற்றை உடனே கைப்பற்றித் தடுத்தல் வேண்டும். அடித்தலோ வேண்டா, பலர் முன் பட்ட அவமானம் நினைவில் நிற்குமேயன்றிப் பிழை நினைவில் நில்லாது. அழுகை தணிந்தபின் நடந்ததை இரண்டு வாக்கியத்திற் கூறி, மீண்டும் சேர்த்துக்கொள்க. நாள் முழுதும் அதனையே சொல்லிக்காட்டுதல் தகாது.

இவையெல்லாம் பிள்ளைகட்குச் செல்லம் கொடுப்பதாகாவோ எனச் சிலர் வினவக்கூடும். ஆகா. எல்லை வகுத்தலை நாம் விலக்கவில்லை. வகுத்த எல்லையை நாமும் காத்தல் வேண்டும் என்கின்றோம். ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையாது என்பது உண்மையே. ஆயினும் முறியாமல் வளைத்தலன்றோ வளைப்பவர் கடமை? எபேசு சபையார்க்கு எழுதிய நிருபத்திற் பவுல் அடிகள், பிள்ளைகட்குக் கீழ்ப்படிதலை விதித்த கையோடே, பிள்ளைகளைச் சினமூட்டலாகாது என்று தந்தையர்க்கும் விதித்திருத்தல் நம் சிந்தனைக்குரியது.

நம் கல்லூரி மாணவருட் பலர் நாளை ஆசிரியரும் பெற்றோரும் ஆவர். ஓய்வுநாட் பள்ளிச் சிறுவரை உல்லாசப் பயணம் அழைத்துச் செல்வோர் இன்றும் நம்மிடை உளர். எத்தனை வண்டிகளில் ஏறினோம் என்பதைக் குழந்தை பின்னொரு நாள் மறந்துவிடும். தான் தளர்ந்து கதறிய வேளையில் தன்னைத் தூக்கியவர் முகம் எவ்வாறிருந்தது என்பது அதன் உள்ளத்தில் தங்கக்கூடும். அம்முகத்தைக் காத்துக்கொள்ளுதல் நம் கையில் உள்ளது.