பனி காணாத தீவிலிருந்து ஒரு பனிச்சறுக்குக் கணக்கு

வல்லார்பாடத்தில் பனி என்றால் மார்கழி விடியற்காலையில் காயல்மேல் சற்று நேரம் படிந்து நிற்கும் மூட்டம்தான். எட்டு மணிக்குள் அதுவும் கலைந்துவிடும். அப்படிப்பட்ட தீவில் உட்கார்ந்துகொண்டு பனிச்சறுக்குப் போட்டியைப் பற்றி இந்த ஆசாமி எழுத வந்துவிட்டாரே என்று நம் சங்க அன்பர்கள் சிரிக்கலாம். தாராளமாகச் சிரியுங்கள். என் மனைவி சில வருடங்களாகச் சிரித்துக்கொண்டுதான் இருக்கிறாள்.

2022 ஜனவரியில் கொரோனாவின் மூன்றாம் அலை வந்தபோது மட்டஞ்சேரிப் பக்கம் போய் நண்பர்களைப் பார்ப்பதும் நின்றுபோயிற்று. ஜெர்மனியில் கறுப்புக் காடு என்னும் மலைப்பகுதியில் வேலை பார்க்கும் என் மகன், "அப்பா, இதைப் பாருங்க. எல்லாம் கிரேடியன்ட், கர்வ் சமாச்சாரம், உங்களுக்குப் பிடிக்கும்" என்று ஒரு போட்டியின் ஒளிப்பதிவை அனுப்பினான். அவன் மகள் அப்போதுதான் ஊர் ஸ்கீ கிளப்பில் சேர்ந்திருந்தாள். அந்தப் போட்டியின் பெயர் நார்டிக் கம்பைண்ட். பெயர் பயமுறுத்தினாலும் விஷயம் எளிது. காலையில் ஒரு பெரிய சறுக்குமேடையிலிருந்து ஸ்கீயோடு பறந்து குதிக்க வேண்டும். அன்றே பிற்பாடு அதே ஆள் 10 கிலோமீட்டர் பனியில் ஸ்கீ ஓட்டம் ஓட வேண்டும். இரண்டும் சேர்த்துத்தான் வெற்றி. 1924-ல் பிரான்சின் சாமொனியில் நடந்த முதல் குளிர்கால ஒலிம்பிக்கிலேயே இது இருந்தது.

டிப்ளமோ படித்து ரயில்வேயில் சேர்ந்து, காலமெல்லாம் பெர்மனன்ட் வே பார்த்தவன் நான். தண்டவாளத்தில் நூற்றுக்கு ஒன்று ஏற்றம் வந்தாலே எங்களுக்கு அது பெரிய சங்கதி. இங்கே சறுக்குமேடை ஏறக்குறைய 35 டிகிரி சாய்வு. மேடை முடிகிற இடத்தில் மேல்நோக்கி வளைத்துவிட்டிருப்பார்கள், அதனால்தான் ஆள் மேலே எழும்புகிறான் என்று நினைத்தேன். இல்லை! அந்த முனையும் பத்துப் பதினோரு டிகிரி கீழ்நோக்கியே சாய்ந்திருக்கிறது. மணிக்கு 90 கிலோமீட்டர் வேகத்தில் வருகிற ஆள் அந்தக் கணத்தில் தன் கால் பலத்தால் எழும்பி, உடலைக் காற்றின்மேல் படுக்கப் போடுகிறான். கீழே மலைச்சரிவும் அவன் பறக்கும் பாதையை ஒட்டியே வளைந்து இறங்குகிறது. ஆகவே நூறு மீட்டருக்கு மேல் பறந்தாலும் தரைக்கும் காலுக்கும் இடையில் சில மீட்டர்தான். இறங்குகிற இடத்தில் சரிவுக்கும் சமதரைக்கும் நடுவே வைத்திருக்கும் வளைவைப் பார்த்தபோது, டிரான்சிஷன் கர்வ் போட்ட எந்த ரயில்வேக்காரனும் கைகூப்புவான்.

என்னைக் கட்டிப்போட்டது இதிலுள்ள கணக்கு. நார்வேயைச் சேர்ந்த குண்டர் குண்டர்சன் என்பவரின் பெயரால் அழைக்கப்படும் முறை அது. குதித்ததில் கிடைத்த புள்ளிகளை நொடிகளாக மாற்றிவிடுகிறார்கள். 10 கிலோமீட்டர் ஓட்டத்துக்கு ஒரு புள்ளி 4 நொடி. 15 புள்ளி என்றால் ஒரு நிமிடம். அதிகப் புள்ளி எடுத்தவர் முதலில் கிளம்புகிறார். மற்றவர்கள் தத்தம் பாக்கி நொடிகளுக்குப் பிறகு ஒவ்வொருவராகக் கிளம்புகிறார்கள். கோட்டை யார் முதலில் தொடுகிறாரோ அவர்தான் ஜெயித்தவர். கடைசியில் யாரும் கணக்குப் பார்க்க வேண்டியதில்லை, கண்ணால் பார்த்தால் போதும். நல்ல ஓட்டக்காரர் 10 கிலோமீட்டரை ஏறக்குறைய 25 நிமிடத்தில் முடிக்கிறார். நம் இடப்பள்ளி - வல்லார்பாடம் ரயில் பாதை மொத்தமே 8.86 கிலோமீட்டர், அதில் 4.62 கிலோமீட்டர் பாலம். அந்தத் தூரத்தையும் தாண்டி, மேடு பள்ளங்களில், கைகால் பலத்தாலேயே போவதை நினைத்துப் பாருங்கள்.

இதில் ஒரு வம்பும் இருக்கிறது. பறக்க வேண்டுமானால் உடல் இலேசாக இருக்க வேண்டும். ஓட வேண்டுமானால் நெஞ்சும் தொடையும் வலுவாக இருக்க வேண்டும். ஒன்றுக்குத் தயாரானால் மற்றது கெடும். இந்தத் துறையில் ஒலிம்பிக்கில் இந்தியர் யாரும் இறங்கியதில்லை. ஓட்டத்தில் மட்டும் 2010-ல் தாஷி லுண்டுப், 2014-ல் நதீம் இக்பால், 2018-ல் ஜகதீஷ் சிங் போயிருக்கிறார்கள். தலச்சேரிக்காரருக்கும் இத்தாலியத் தாய்க்கும் மணாலியில் பிறந்த சிவ கேசவன், லூஜ் என்னும் சறுக்குவண்டிப் போட்டியில் 1998 முதல் 2018 வரை ஆறு ஒலிம்பிக்குகளைக் கண்டவர். பனி காணாத ஊர்க்காரனுக்குப் பனி ஆகாது என்று யாராவது சொன்னால் நான் அவர் பெயரைச் சொல்வேன்.

அந்த 2021-22 பருவத்துக்காக ஒரு பழைய டைரியையே ஒதுக்கினேன். ஒவ்வொரு போட்டிக்கும் புள்ளி, நொடி, பாக்கி என்று பத்தி போட்டு எழுதினேன். பருவத்தின் நடுவில் பெய்ஜிங் ஒலிம்பிக். முதல் போட்டியில் ஜெர்மனியின் வின்சென்ஸ் கைகர், குதித்தபின் 11-வது இடம், 1 நிமிடம் 26 நொடி பாக்கி. அவ்வளவையும் ஓடியே அடைத்துத் தங்கம் வாங்கினார்.

அடுத்த போட்டிதான் என்னால் மறக்க முடியாதது. நார்வேயின் யார்ல் மக்னுஸ் ரீபர் அதற்குள் மூன்று முறை உலகக் கோப்பைப் பருவத்தை வென்றவர். பெய்ஜிங்கில் கொரோனா கண்டு அறையில் அடைபட்டு, போட்டிக்குச் சற்று முன்புதான் வெளியே வந்தார். வந்தவர் பறந்த பறப்பில் இரண்டாவது ஆளைவிட 44 நொடி முன்னால் கிளம்பினார். முதல் சுற்று முடிகிற இடத்தில் பாதை இரண்டாகப் பிரிகிறது. ஒன்று அடுத்த சுற்றுக்கு, மற்றது முடிவுக் கோட்டுக்கு. மனிதர் தவறான பாதையில் திரும்பிவிட்டார்! சுதாரித்துத் திரும்பி வருவதற்குள் முன்னணி கரைந்தது. கடைசியில் எட்டாவது இடம். 2 நிமிடம் 7 நொடி பாக்கியோடு கிளம்பிய யோர்கன் கிராபாக் அரை நொடிக்கும் குறைவான வித்தியாசத்தில் ஜெயித்தார். பாயிண்ட்ஸ் தவறினால் என்ன ஆகும் என்று எங்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. ஆனாலும் அந்தப் பருவத்தின் கோப்பை ரீபருக்கே போயிற்று.

பருவம் முடிந்தது, டைரியை மூடலாம் என்றிருந்தேன். தொலைபேசியில் பேத்தி, "தாத்தா, பொண்ணுங்க ஜெயிச்சதை ஏன் எழுதலை?" என்று கேட்டாள். தேடிப் பார்த்தபோதுதான் தெரிந்தது, பெண்களுக்கும் தனி உலகக் கோப்பை உண்டு. 2020 டிசம்பரில் ஆஸ்திரியாவின் ராம்சாவில் முதல் போட்டி. அமெரிக்காவின் டாரா ஜெராட்டி-மோட்ஸ் ஜெயித்தார். நான் டைரி எழுதிய பருவத்தில் வென்றவர் நார்வேயின் கிடா வெஸ்ட்வோல்ட் ஹான்சன், அப்போது வயது 19. ஆனால் பெய்ஜிங்கில் அவருக்குப் போட்டியே இல்லை. குளிர்கால ஒலிம்பிக்கில் பெண்களுக்கு இடமில்லாத ஒரே விளையாட்டு இதுதான். ஸ்கீயில் பறந்து குதிப்பதிலேயே பெண்களை 2014-ல்தான் அனுமதித்தார்கள். அது மருத்துவ ரீதியில் பெண்களுக்கு ஏற்றதல்ல என்று 2005-ல் பன்னாட்டு ஸ்கீ கூட்டமைப்பின் தலைவரே பேசியிருக்கிறார்.

2022 ஜூனில் ஒலிம்பிக் கமிட்டி 2026-க்கும் பெண்களைச் சேர்ப்பதில்லை என்று முடிவு செய்தது. காரணம் இரண்டு. முந்தைய மூன்று ஒலிம்பிக்குகளில் ஆண்களின் 27 பதக்கங்களும் நான்கே நாடுகளுக்குப் போயின. பார்வையாளர்களும் மற்ற விளையாட்டுகளைவிட மிகக் குறைவு. ஆண்களுக்கே 2026-க்குப் பிறகு நிச்சயமில்லை என்றும் சொல்லிவிட்டார்கள்.

இந்த வாதம் எனக்குப் பழக்கமானது. நான் வேலை பார்த்த ஒரு கிளைப் பாதையில் பயணிகள் குறைவு என்று முதலில் மாலை வண்டியை எடுத்தார்கள். மாலையில் திரும்ப வழியில்லாதவன் காலையில் மட்டும் எப்படி ஏறுவான்? காலை வண்டியிலும் கூட்டம் குறைந்தது. அதையும் எடுத்தார்கள். பிறகு பாதையைப் பராமரிக்க ஆள் எதற்கு என்று கேட்டார்கள். ஒவ்வொரு கட்டத்திலும் காகிதத்தில் இருந்த எண்ணிக்கை சரிதான், நானே கையெழுத்துப் போட்டிருக்கிறேன். பெண்கள் ஆட இடமே கொடுக்காமல் பல நாடுகள் ஆடவில்லை என்பதும், காட்டாமலே பார்ப்பவர் இல்லை என்பதும் அந்தக் காகிதத்தைத்தான் நினைவூட்டின. நான்கு நாடுகள்தான் என்பது பொய்யில்லை, அதையும் ஒத்துக்கொள்ள வேண்டும். ஆனால் அதற்கான அபராதத்தை முதலில் கட்டியவர்கள் பெண்கள்.

அமெரிக்காவில் மலாசின்ஸ்கி என்று அண்ணன் தம்பி போல ஒரு அக்காளும் தம்பியும். இருவருக்கும் இதே விளையாட்டு. விதிப்படி தம்பி நிக்லாஸ் ஒலிம்பிக்குக்குப் போகலாம், அக்காள் அன்னிகா போக முடியாது. எங்கள் பேத்தியின் கறுப்புக் காட்டிலேயே வளர்ந்த நத்தாலி ஆர்ம்புருஸ்டர் 2024-25 பருவத்தில் பெண்கள் உலகக் கோப்பையை வென்றார், 19 வயதில். 2026 பிப்ரவரியில் இத்தாலியின் வால் டி ஃபியம்மேயில் ஒலிம்பிக் போட்டி நடந்தபோது களத்தில் ஆண்கள் மட்டுமே.

பேத்திக்கு இப்போது பத்து வயது. குழந்தைகளுக்கான 20 மீட்டர் மேடையில் குதிக்கிறாள். கடைசியாக 14.5 மீட்டர் பறந்தாள் என்று மகன் எழுதியிருந்தான். 20 மீட்டருக்கு 60 புள்ளி. அந்த அளவு மேடையில் குறைகிற ஒவ்வொரு மீட்டருக்கும் 4.8 புள்ளி கழியும். ஆக 33.6 என்று டைரியில் எழுதினேன். பேத்தி ஒத்துக்கொள்ளவில்லை. "15 மீட்டர் தாத்தா, அப்பா சரியாப் பாக்கலை" என்கிறாள். 15 என்றால் 36 புள்ளி. வித்தியாசம் 2.4 புள்ளி, அதாவது 9.6 நொடி. 33.6-ஐ அடித்து 36 என்று திருத்தி, பக்கத்தில் தேதியும் போட்டு வைத்திருக்கிறேன்.