ராஞ்சோஸ் தே தாவோஸ் மண் தேவாலயம்

அமெரிக்க ஐக்கிய நாடுகளின் தென்மேற்கே, நியூ மெக்சிக்கோ மாநிலத்து மலையடிவாரச் சிற்றூர் ராஞ்சோஸ் தே தாவோஸ். அங்கே அசிசி நகர்ப் புனித பிரான்சிசுவின் பெயரால் ஒரு கத்தோலிக்கப் பங்குத் தேவாலயம் விளங்குகின்றது. அந்நிலம் இசுப்பானியர் ஆட்சியிலிருந்த 18ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலே தொடங்கிய இதன் திருப்பணி, 1816ஆம் ஆண்டளவில் நிறைவெய்தியதென்பர். அந்நிலம் 1821இல் மெக்சிக்கோவுக்கும் 1848இல் அமெரிக்காவுக்கும் உரியதாயிற்று; தேவாலயத்தைப் பேணும் பணியோ அவ்வூர் மக்களிடமே இருந்துவந்தது.

இதன் சுவர்கள் கருங்கல்லாலோ சுட்ட செங்கல்லாலோ ஆனவையல்ல. களிமண்ணையும் மணலையும் வைக்கோலோடு குழைத்து, அச்சில் வார்த்து, வெயிலிற் காயவைத்த மண்கற்களால் எழுந்தவை. அடோபி என்பது அக்கல்லின் பெயர். தரையமைப்புச் சிலுவை வடிவினது. முகப்பில் இரு மணிக்கூண்டுகள் உள்ளன. செதுக்கிய தாங்குகட்டைகளின்மேற் கிடக்கும் மரவுத்திரங்கள் கூரையைச் சுமக்கின்றன. மண்சுவர் வெளிப்புறம் சரியாதிருக்கப் பருத்த உதைசுவர்கள் முட்டுக்கொடுத்து நிற்கின்றன. பின்புறத்து உதைசுவர் கறையான் புற்றுப்போல அடியகன்று மேலே குவிந்தது. அணிவேலை சிறிதுமற்ற அப்பின்புறமே ஓவியர் ஜோர்ஜியா ஓகீஃபையும் ஒளிப்படக் கலைஞர் அன்சல் அடம்சையும் கவர்ந்தது. முகப்பினும் முதுகாற் புகழ்பெற்ற கோயில்கள் உலகிற் சிலவே.

மழையும் பனியும் மண்பூச்சைக் கரைத்துவிடும். ஆதலின் அடிக்கடி புதுச்சாந்து பூசுதல் வேண்டும். இவ்வுழைப்பைக் குறைக்கக் கருதி, 1967இல் சுவர்களுக்குச் சீமெந்து பூசினர். அக்காலத்தில் அது அறிவுடைச் செயலாகவே தோன்றியிருக்கும். ஆயின் மண்சுவர் ஈரத்தை உறிஞ்சிப் பின் வெயிலில் வெளிவிடும் இயல்பினது. சீமெந்தோ அதற்கு இடங்கொடாது. வெடிப்புகளினூடே புகுந்த நீர் வெளியேற வழியின்றி உள்ளே தங்கிற்று. மண்கற்கள் ஊறி நெகிழ்ந்து மீண்டும் சேறாகத் தொடங்கின. வெளியோடு வன்மையாயிருந்தமையால் உள்ளழிவு எளிதிற் புலப்படவில்லை. 1970இல் தேசிய வரலாற்றுச் சின்னமாக அறிவிக்கப்பட்ட கட்டடம் தன் காப்புறையாலேயே அழிந்துகொண்டிருந்தது.

1979இல் சீமெந்தைப் பெயர்த்தெறிந்து, பழுதுற்ற கற்களை மாற்றி, மீண்டும் மண்சாந்தே பூசினர். அதுமுதல் கோடைதோறும் முதியோரும் இளையோருமாகப் பங்குமக்கள் கூடி, மண் சலித்து, வைக்கோல் கலந்து, சுவரெங்கும் பூசிவருகின்றனர். எஞ்ஞாரே என இசுப்பானிய மொழியில் வழங்கும் இப்பணி, முன்னாளிற் பெரும்பாலும் பெண்களின் கைத்திறனாயிருந்தது. கூரிய விளிம்பொன்றும் இன்றிச் சுவர்கள் மழுங்கித் திரண்டிருப்பது அக்கைகளின் தடமேயாகும்.