கொதிநீரில் ஒரு வைரஸ் வம்சம்

இத்தாலியின் பொசுவோலி நகரை ஒட்டிய எரிமலை நிலத்தில் ஒரு வெந்நீர் ஊற்று. வெப்பம் 85 டிகிரி செல்சியஸைத் தாண்டும். தண்ணீரோ கடும் அமிலம். அதற்குள்ளும் ஆர்க்கியா என்னும் நுண்ணுயிர்கள் செழித்து வாழ்கின்றன. பார்வைக்குப் பாக்டீரியா போலிருக்கும் இவை உயிர் மரத்தின் தனிக் கிளை என்று 1977-இல் கார்ல் வோஸும் ஜார்ஜ் ஃபாக்ஸும் காட்டினார்கள். இவற்றையும் வைரஸ்கள் விட்டுவைக்கவில்லை.

ஜெர்மன் விஞ்ஞானி வோல்ஃப்ராம் ஸில்லிக் 1980-களிலிருந்து இந்த வைரஸ்களைத் தேடிப் பிடித்தார். எலுமிச்சை வடிவம், குச்சி வடிவம், நூல் வடிவம், பிறகு புட்டி வடிவமும் வந்தது. என்னை மிகவும் வியக்க வைப்பது பொசுவோலி ஊற்றில் கிடைத்த ஒன்று. ஆர்க்கியா செல்லை விட்டு வெளியேறும்போது அது வெறும் எலுமிச்சை வடிவம்தான். சூடு போதுமான அளவு இருந்தால், செல்லின் உதவியே இல்லாமல், இரு முனையிலும் வால் முளைக்கிறது! செல்லுக்கு வெளியே வைரஸ் எந்த மாற்றமும் அடையாது என்ற பழைய எண்ணம் 2005-இல் இதனால் ஆட்டம் கண்டது.

இவற்றை எப்படி வகைப்படுத்துவது? மரபுப் பொருளைப் பார்த்தால், ஏறக்குறைய எல்லாமே இரட்டை இழை டிஎன்ஏ. எல்லாம் ஒரே கட்டத்தில் போய் விழுகின்றன. மரபணுக்களைப் பிற உயிர்களோடு ஒப்பிட்டால், பெரும்பாலானவற்றுக்கு எங்குமே இணை கிடைக்கவில்லை. ஆகவே முதலில் உருவத்தை வைத்தே குடும்பங்கள் பிரிக்கப்பட்டன.

உருவம் ஏமாற்றவும் செய்யும். ரூடிவிரிடே குடும்பத்தின் வைரஸ்கள் விறைப்பான குச்சிகள். கொழுப்பு உறை இல்லாதவை. லிப்போத்ரிக்ஸ்விரிடே குடும்பத்தினவோ கொழுப்பு உறை போர்த்த, வளையும் நூல்கள். ஆனால் இரண்டின் உறைப் புரதங்களும் ஒரே விதமாக மடிந்திருந்தன. 2015-இல் எட்வர்ட் ஈகல்மேன் குழுவினர் உறைநிலை எலக்ட்ரான் நுண்ணோக்கியில் ஒரு குச்சி வைரஸின் உள்ளே பார்த்தார்கள். உயிர்களில் வழக்கமாகக் காணும் பி வடிவத்தில் அதன் டிஎன்ஏ இல்லை. புரதம் நீரை விலக்கி இறுக்கிச் சுற்றியிருக்க, முழு இழையும் குட்டையாகத் தடித்த ஏ வடிவத்தில் இருந்தது. அமிலத்திலும் கொதிநிலையிலும் டிஎன்ஏ சிதையாமல் தாங்குவதற்கு இது உதவுகிறது என்கிறார்கள். நூல் வைரஸிலும் பின்னர் அதே அமைப்பு தெரிந்தது.

இந்த உறவை ஏற்று, வைரஸ் வகைப்பாட்டுக்கான சர்வதேசக் குழு அட்னாவிரியா என்ற புதிய பெரும்பிரிவை வகைப்பாட்டின் உச்சப் படியில் சேர்த்தது. அதில் இதுவரை இடம்பெற்ற வைரஸ்கள் அனைத்தும் ஆர்க்கியாவை மட்டுமே தாக்குபவை.