சொல்லி வைத்ததைப் பிள்ளை மறப்பது ஏன்?

“பவுசர் வந்ததும் வாளியைக் கொண்டுபோய் வரிசையில் வை” என்று ஆறு வயது மகனிடம் சொல்லிவிட்டுத் தாய் விறகுக்குப் போகிறாள். வந்து பார்த்தால் வாளி வெறுமையாகக் கிடக்கிறது. பிள்ளைக்கு அடி விழுகிறது. ஆனால், “நான் என்ன சொன்னேன்?” என்று கேட்டால் அவன் பிசகாமல் சொல்லிவிடுவான். சொன்னது மனதில் இருக்கிறது. உரிய வேளையில் எழும்பவில்லை.

1983இல் அமெரிக்காவில் சொமர்வில், வெல்மன், கல்ட்டிஸ் ஆகிய ஆய்வாளர்கள் இரண்டு முதல் நான்கு வயதுப் பிள்ளைகளிடம் இதைப் பார்த்தார்கள். இனிப்பு வாங்க ஞாபகப்படுத்தும்படி சொன்னபோது, சில நிமிட இடைவெளியில், இரண்டு வயதுக் குழந்தைகளே பத்தில் எட்டுத் தடவை ஞாபகப்படுத்தின. காயப்போட்ட துணியை எடுக்க ஞாபகப்படுத்துவதென்றால் கதை வேறு. (பெரியவர்களும் இதில் குறைந்தவர்கள் அல்லர்!) 2001இல் வெளிவந்த இன்னோர் ஆய்வில், கையிலிருந்த விளையாட்டை இடையில் நிறுத்தவேண்டி வந்தபோதே பிள்ளைகள் கூடுதலாகத் தவறவிட்டார்கள். நான்கு வயதுக்கும் ஏழு வயதுக்கும் இருந்த வித்தியாசம் பெரிதல்ல.

ஊரில் பிள்ளைக்கு ஞாபகமூட்டப் பல அடையாளங்கள் இருந்தன. பட்டி திரும்பும் புழுதி, கோயில் மணி, வாய்க்காலில் தண்ணீர் திறக்கும் சத்தம். 2006இல் சம்பூரை விட்டுப்போய், கிளிவெட்டி, பட்டித்திடல் முகாம்களில் ஆண்டுக்கணக்கில் இருந்த குடும்பங்களின் பிள்ளைகளுக்கு அவை எதுவும் இருக்கவில்லை. 2015இல் காணிகள் திரும்பக் கிடைக்கத் தொடங்கியபோது, முகாமிலே பிறந்த பிள்ளைகளுக்கு ஊரே புதிது. பிள்ளை சொல்வழி கேளாதது என்று தீர்ப்பதற்கு முன் இதை யோசிக்க வேண்டும் என்பது எமது எண்ணம்.

ஆகவே “நாலு மணிக்கு” என்று சொல்லாதீர்கள். மணிக்கூட்டைத் திரும்பத் திரும்பப் பார்ப்பது பெரிய பிள்ளைகளுக்கே கடினம். “அசருக்குப் பாங்கு கேட்டதும் கன்றை அவிழ்” என்று சொல்லுங்கள். மூதூர்ப் பக்கம் அது எல்லாருக்கும் கேட்கும். வாளியைக் கண்ணுக்கு எட்டாத மூலையில் வைக்காமல், பிள்ளை விளையாடும் இடத்திலேயே வையுங்கள்.

காணி துப்புரவாக்கப் போகும் குடும்பங்களுக்கு இன்னொன்று. “அறியாத இரும்புப் பொருளைக் கண்டால் தொடாதே, நில், வந்த வழியே திரும்பி வந்து சொல்” என்பதும் இப்படிச் சொல்லி வைக்கும் காரியந்தான். அதை வாயால் மட்டும் சொல்ல வேண்டாம். முற்றத்தில் ஒரு பழைய பேணியை வைத்து, பிள்ளையை நடக்கவிட்டு, நிற்கச் செய்து, வந்த வழியே திரும்பி நடந்து வந்து உங்களிடம் சொல்லப் பழக்குங்கள். அடுத்த கிழமையும் செய்யுங்கள்.