வாவிக்கரையில் குடும்ப ஓட்டம்: யார் உடலில் எவ்வளவு வெப்பம்?

ஒரே நெடுந்தூர ஓட்டத்தில் அம்மப்பாவும் மகளும் பேரனும் சேர்ந்து ஓடினாலும் மூவரின் உடலும் ஒரே வேலையைச் செய்வதில்லை. தட்டையான தரையில் ஓடுபவர், எடையில் ஒவ்வொரு கிலோவுக்கும், கிலோமீற்றருக்கு ஏறத்தாழ 1 கிலோகலோரி செலவிடுகிறார். 60 கிலோ எடையுள்ளவர் 10 கிலோமீற்றர் ஓடினால் 600 கிலோகலோரி. இதில் முக்கால் பங்கு வெறும் வெப்பமாகிறது. 1 லீற்றர் வியர்வை முழுதும் ஆவியானால் சுமார் 580 கிலோகலோரி வெப்பம் உடலைவிட்டு நீங்கும். ஆவியாகாமல் மண்ணில் சொட்டிய வியர்வையால் ஒரு பயனும் இல்லை.

மட்டக்களப்பு வாவியின் நீளம் ஏறத்தாழ 56 கிலோமீற்றர். மரதன் தூரமான 42.195 கிலோமீற்றரைவிட அதிகம். எழுவான்கரையில் ஒருபக்கம் கடல், மறுபக்கம் வாவி. மாரி மழைக்கு முன்பு காற்று அசையாமல் நிற்கும் நாட்களில் ஈரப்பதன் மிகுந்து வியர்வை ஆவியாகாமல் வழிகிறது. கச்சான் வீசும் மாதங்களில் நிலைமை தலைகீழ். தென்மேற்குப் பருவக்காற்று மலைநாட்டின் மேற்குச் சரிவில் மழையைக் கொட்டிவிட்டு, கிழக்கே இறங்கும்போது அமுங்கிச் சூடேறி உலர்ந்துவிடுகிறது. அந்தக் காற்றில் வியர்வை கண்ணுக்குத் தெரியாமலே காய்ந்துபோகும். சட்டை நனையாததால் உடல் நீரை இழக்கவில்லை என்று நம்பிவிடுவதுதான் ஆபத்து. காற்றின் வெப்பநிலை தோலின் 35 பாகையைத் தாண்டினால் காற்றே உடலுக்குள் வெப்பத்தை ஏற்றும்.

இந்தக் கச்சான் காலத்தில்தான் கதிர்காமப் பாதயாத்திரை வருகிறது. குடும்பம் குடும்பமாக நெடுந்தூரம் போவதற்கு இப்பகுதியில் இதைவிடப் பழகிய எடுத்துக்காட்டு இல்லை. சின்னக் கதிர்காமம் எனப்படும் மண்டூர், திருக்கோவில், பொத்துவில், உகந்தை என்று போகும் பாதை பிறகு குமண, யால காடுகளுக்குள் நுழைகிறது. முதியவர்களும் சிறுவர்களும் இதைத் தாங்குவதற்குப் பக்தியோடு வேகமும் ஒரு காரணம். 60 கிலோ எடையுள்ளவர் நடக்கும்போது மணிக்குச் சுமார் 200 கிலோகலோரியே செலவாகிறது. மணிக்கு 10 கிலோமீற்றர் வேகத்தில் ஓடினால் அதன் மூன்று மடங்கு. ஓடும் குடும்பமும் கூட்டத்தில் மிக மெதுவானவரின் வேகத்தையே தன் வேகமாகக் கொள்வது நல்லது.

மெதுவானவர் எப்போதும் முதியவர் என்று எண்ண வேண்டாம். சிறுவர்களின் வியர்வைச் சுரப்பி ஒவ்வொன்றும் பெரியவர்களுடையதைவிடக் குறைவாகவே சுரக்கிறது. எடையோடு ஒப்பிட்டால் அவர்களின் தோல் பரப்பு அதிகம் என்பதால் சுடுகாற்றிலிருந்து வெப்பம் விரைவாக ஏறும். கால் குட்டை, அதே வேகத்துக்குக் கூடுதல் எட்டுகள் வைக்கவேண்டும். பல பெரிய மரதன் போட்டிகள் 18 வயதுக்குக் குறைந்தவர்களை ஏற்பதில்லை. முதியவர்களுக்கோ தாகம் தாமதமாகத் தெரியும். உடல் ஒக்சிசனைப் பயன்படுத்தும் உச்ச அளவும் முப்பது வயதுக்குப் பின் பத்தாண்டுக்குச் சுமார் 10 வீதம் குறைகிறது. பயிற்சியை விடாதவர்களில் இந்தச் சரிவு மெதுவாகும். அயர்லாந்தின் தொமி ஹியூஸ் 2019இல் பிராங்பேர்ட் மரதனை 59 வயதில் 2 மணி 27 நிமிடம் 52 செக்கனில் முடித்தார். அதே போட்டியில் அவருடைய மகன் இயோன் தந்தைக்குப் பின்னால்தான் வந்தார்.

பயிற்சியால் கிடைக்கும் பலனும் குடும்பத்தில் ஓடுகிறது. அமெரிக்காவிலும் கனடாவிலும் 98 குடும்பங்களுக்கு 20 வாரம் ஒரே பயிற்சி கொடுத்த ‘ஹெரிற்றேஜ்’ ஆய்வில், ஒக்சிசன் பயன்பாட்டின் முன்னேற்றம் குடும்பத்துக்குள் வேறுபட்டதைவிடக் குடும்பங்களுக்கிடையே 2.5 மடங்கு வேறுபட்டது. மரபணுவோடு ஒரே அடுப்பின் சாப்பாடும் ஒரே பழக்கங்களும் இதில் கலந்திருக்கும். ஆனால் வெப்பத்துக்குப் பழகுவது பரம்பரையாக வந்துவிடாது. ரொறன்ரோவிலிருந்து ஆடி விடுமுறைக்கு வந்த மருமகனின் உடல் இந்த வெயிலுக்குப் பழக 10 முதல் 14 நாட்கள் வேண்டும்.

தண்ணீர் விடயத்தில் இரண்டு பக்கமும் தவறு நடக்கிறது. 2002 பொஸ்ரன் மரதனில் பரிசோதிக்கப்பட்ட 488 பேரில் 13 வீதத்தினருக்கு இரத்தத்தில் சோடியம் குறைந்திருந்தது. தேவைக்கு மேல் குடித்து ஓட்டத்தின்போது எடை கூடியவர்களும், நான்கு மணிநேரத்துக்கு மேல் ஓடியவர்களுமே அதிகம் பாதிக்கப்பட்டார்கள். குடும்பமாக மெதுவாகப் போகிறவர்கள் ஒவ்வொரு தாகசாந்தியிலும் நின்று குடிப்பதால் இது அவர்களுக்கும் பொருந்தும். இளநீரில் பொற்றாசியம் மிகுதி, சோடியம் குறைவு. உப்புப் போட்ட கஞ்சியோ தேசிக்காய்த் தண்ணீரோ அந்தக் குறையை ஓரளவு ஈடுசெய்யும்.

ஓடிக்கொண்டிருப்பவர் தடுமாறினாலோ, சம்பந்தமில்லாமல் பேசினாலோ அது வெறும் களைப்பு அல்ல, வெப்பத் தாக்கமாக இருக்கலாம். வைத்தியசாலைக்குப் போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்று வாகனம் தேடி நேரம் போக்காமல், நிழலில் கிடத்தி உடல் முழுவதும் தண்ணீர் ஊற்றி விசிற வேண்டும். மயக்கத்தில் இருப்பவருக்கு எதையும் குடிக்கக் கொடுக்கக் கூடாது. 1990 இலக்கத்தில் சுவசெரிய அம்புலன்சை அழைத்துவிட்டு, அது வந்து சேரும்வரை தண்ணீர் ஊற்றுவதை நிறுத்த வேண்டாம்.